இரு குட்டிகளின் இரத்தம்

ஒரே ஈற்றில் பிறந்த நாய்க்குட்டிகள் இரண்டும். சுல்தான், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி சர்தார் பாஷாவின் பங்களா வாசலில் வேட்டைக்கென வளர்ந்தது. கருப்பன், அவருடைய ஷாப்பின் சுண்ணாம்புக் குழியருகே, தோலில் மயிர் வழிக்கும் செண்பகத்தின் சோற்றில் வளர்ந்தது.

சுல்தானை உண்ணி தீண்டியதில்லை. வெள்ளிதோறும் ஆவாரம்பட்டைச் சாற்றில் முக்கி எடுப்பார்கள். தோலைக் கெடாமல் காக்கும் சாறு நாயையும் காக்கும் என்று நம்பினார்கள். கருப்பனுக்கோ கண் திறந்த நாள் முதல் காதெல்லாம் உண்ணி. குட்டியாயிருந்தபோது காய்ச்சலில் சுருண்டு கிடந்து, செண்பகம் ஊற்றிய கஞ்சியில் எழுந்தது.

மாசியில் சுல்தான் வேலி தாண்டி வந்து கருப்பனோடு படுத்துறங்கப் பழகிற்று. பங்குனியில் வீழ்ந்தது. ஈறு வெளுத்தது, சிறுநீர் பட்டைச்சாறு போலச் சிவந்து போயிற்று.

“தெரு நாய் சீக்கு குடுத்துட்ச்சி. அத்தப் புடிச்சுக் கட்டுங்க,” என்று பாஷா துப்பாக்கியோடு வந்தார்.

கருப்பனைக் கட்டிய சங்கிலிக்கு முன்னால் செண்பகம் நின்றாள். “ரெண்டும் ஒரு வயித்துல பொறந்ததுங்க சாயபு. இது மட்டும் இன்னா பண்ணுச்சி?”

“நாய்க்கு வக்கீலா நீ?”

“வக்கீலு கூலி கேப்பான் சாயபு. நான் கேக்கல.”

சுல்தானைப் பார்க்க வேலூரிலிருந்து வந்திருந்த கால்நடை மருத்துவர் தேவானந்தம் குறுக்கிட்டார். “சுடுறத அப்புறம் சுடலாம். மொதல்ல ரெண்டு ரத்தத்தையும் பாத்துடறேன்.”

காது நுனியில் ஒவ்வொரு சொட்டு. கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்து, பாஷாவையே அழைத்தார்.

சுல்தானின் சிவப்பணுக்களுக்குள் கொய்யாக்காய் வடிவில் ஜோடி ஜோடியாகக் கிருமிகள். வெடித்த அணுக்களின் சிதைவு. கருப்பனின் இரத்தத்தில் நெடுநேரம் தேடிய பிறகே அகப்பட்டது, ஒன்றே ஒன்று.

“அப்போ இதுக்கும் அதே சீக்குதான்!” துப்பாக்கி நிமிர்ந்தது. செண்பகம் கண்களை மூடிக்கொண்டாள்; நகரவில்லை.

“இருக்கு சாயபு, ஆனா அடங்கி இருக்கு. பக்கத்துல பாருங்க.”

பாஷா மீண்டும் குனிந்தார். கிருமி குடியேறிய சிவப்பணு ஒன்றை, வெள்ளையணு ஒன்று முழுதாக விழுங்கிக் கிடந்தது.

“யா அல்லாஹ்!”

“குட்டியிலயே காய்ச்சல் கண்டு சண்ட கத்துக்கின ஒடம்பு இது. சுல்தான் ஒடம்பு எதிரியப் பாக்குறதே இப்பதான். சீக்க ஏத்துறது உண்ணி; அது செவுத்துப் பொந்துல கெடக்கு. இத்தச் சுட்டா அது சாவாது.”

எந்த மடம் போதித்தது இந்த வித்தையை? எந்த வம்சம் வழங்கிற்று? பங்களாவுக்கு ஓர் இரத்தம், குழிக்கு ஓர் இரத்தம் என்றா பிறந்தன இவை? குழியருகே கிடந்த உடல், எவர் கட்டளையும் இன்றித் தனக்குள் ஒரு சேனையைத் திரட்டி வைத்திருந்தது! பாஷா நிமிராமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

சுல்தானுக்குக் கிருமியைக் கொல்லும் நீல மருந்து ஊசியில் ஏறிற்று. பிழைக்குமா என்று மருத்துவரும் சொல்லவில்லை. பாஷா துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, சங்கிலியைத் தம் கையாலேயே அவிழ்த்தார்.

கருப்பன் உடலை உதறிற்று. தன்னுள் நடக்கும் போரை அறியாமல், பின்காலால் காதைச் சொறிந்துகொண்டு, சுல்தானின் அருகே போய்ப் படுத்தது. எவரும் விரட்டவில்லை.