இன்னும் ஒரு வெயில்

பாஞ்சாலியின் புளியமரத்தில் ஏரோப்ளேன் வந்து மாட்டிக்கொண்டபோது, கருவாம்பட்டு கணக்குப்பிள்ளை அப்பாதுரை பல் துலக்கிக்கொண்டிருந்தார். 1958ஆம் வருஷம், சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. சர்க்கார் உத்தியோகஸ்தர் எட்டு மணிக்கா பல் துலக்குவது என்று யாரும் கேட்க வேண்டாம். தன்னைப் பற்றி அவருக்கே பெரிய அபிப்பிராயம் கிடையாது. சத்தம் கேட்டதும் வாயில் வேப்பங்குச்சியோடு ஓடினார்.

விமானம் சின்னது. இரண்டு பேர் உட்காரலாம். இரண்டு பருத்த கிளைகளுக்கு நடுவே மூக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அறுந்துபோன பட்டம் மாதிரி கிடந்தது. ஓட்டி வந்தவன் சீனுவாசன், மதராஸில் யாரோ முதலாளியின் பிள்ளை. கிளையைப் பிடித்துக்கொண்டு தானாகவே இறங்கிவிட்டான். மூக்கில் ஒரு கீறல், அவ்வளவுதான். பாஞ்சாலி கொடுத்த நீர்மோரை இரண்டு சொம்பு குடித்து வாயைத் துடைத்துக்கொண்ட பிறகு, நடந்ததற்கு விளக்கம் சொன்னான்.

"மரம் குறுக்க வந்துடுச்சு."

அறுபது வருஷமாக இருந்த இடத்தை விட்டு நகராத மரம், அன்றைக்குக் காலையில் மட்டும் எழுந்து உலாவப் போயிருக்கிறது. அப்பாதுரை வேப்பங்குச்சியைத் துப்பினார். மரத்துக்குப் பின்னால் பத்தடியில் பாஞ்சாலியின் கிணறு இருந்தது. கருங்கல் கட்டு, அறுபதடி ஆழம். மரம் பிடித்திருக்காவிட்டால் இந்தப் பிள்ளையாண்டானை வாளியில்தான் மேலே இறைத்திருக்க வேண்டும். அது தெரியாமல் மோரில் உப்புக் குறைச்சல் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆனால் அப்பாதுரையின் இளக்காரம் அந்தப் பையனிடம் வெகுநேரம் தங்கவில்லை. அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறே இருந்தது. அவருடைய சொந்தச் சட்டைப்பை.

அந்தப் பையில் ஒரு தபால் கார்டு இருந்தது.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்குவதற்காக ஊருக்கு மேற்கே அரை மைலுக்கு ஓடுதளம் போட்டிருந்தான். யுத்தம் முடிந்தது, அவனும் போய்விட்டான், சிமெண்ட் மட்டும் போகவில்லை. ஊர் அதற்குச் சிமிட்டிக் களம் என்று பெயர் வைத்தது. மல்லாட்டை என்று ஊர் சொல்கிற வேர்க்கடலை, கேப்பை, புளி, துவைத்த வேட்டி எல்லாம் அங்கேதான் காய்ந்தன. திண்டிவனம் தாலூகாவில் அதுபோல ஒரு களம் வேறு எந்த ஊருக்கும் கிடையாது. பிற்பாடு மதராஸிலிருந்த விமான கிளப் ஒன்று, ஞாயிற்றுக்கிழமைகளில் பழகுவதற்காக அங்கே வந்து இறங்க அனுமதி வாங்கியது. அதற்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. கிளப்பிலிருந்து கணக்குப்பிள்ளைக்கு முன்கூட்டியே கார்டு வரும். சனிக்கிழமை தலையாரி முருகையன் தண்டோரா போடுவான். சாயங்காலத்துக்குள் ஊரே வந்து அவரவர் மல்லாட்டையை அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்று வருஷமாக இதில் ஒரு பிசகும் இல்லை.

இந்தத் தடவையும் வெள்ளிக்கிழமையே கார்டு வந்துவிட்டது. அப்பாதுரை படித்தார். பிறகு களத்துக்குப் போய்த் தன் மல்லாட்டையில் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தார். பருப்பு உள்ளே குலுங்கவில்லை. இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஒரே ஒரு வெயில். வருகிறவன் கண்ணில்லாதவனா, மல்லாட்டை கிடந்தால் ஓரமாக இறங்கிக்கொள்வான் என்று கார்டை மடித்துப் பையில் வைத்தார். தண்டோரா போடச் சொல்லவில்லை.

சீனுவாசன் வந்து பார்த்தபோது ஓடுதளத்தின் கிழக்குப் பாதி முழுக்க மல்லாட்டை. வழக்கமாகக் கிழக்கிலிருந்து இறங்குகிறவன், மேற்குப் பாதியாவது கிடைக்கட்டும் என்று மேற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். மேற்குக் கோடியில் நின்ற புளியமரம் அவனை வாங்கிக்கொண்டது.

நடந்தது என்ன என்று ஊருக்கு உடனே புரிந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. போலீஸ் வருவதற்குள் அறுபது குடும்பமும் துடைப்பமும் முறமுமாக இறங்கி, களத்தைக் கல்யாண வீட்டு வாசலாக்கிவிட்டது. வாய்க்கால் வெட்டக் கூப்பிட்டால் ஆறு பேர் வருகிற ஊர். தரையெல்லாம் பழுப்பாக ஏதோ கிடந்தது என்று சீனுவாசன் சொன்னான். எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். சிமெண்டில் ஒரு தூசி இல்லை. வெயிலில் பையனுக்குக் கண் கூசியிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பாதுரையும் அந்த இடத்தில் பரிதாபமாகத் தலையை ஆட்டினார்.

பத்து நாள் கழித்து மதராஸிலிருந்து ஜீப்பில் விசாரணை அதிகாரி வந்தார். அரைக்கால் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தார். மரத்தைச் சுற்றி வந்தார். விமானத்தை அதற்குள் இறக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கிளை முறிந்த இடத்தைத் தடியால் தட்டிப் பார்த்தார். உயிர்ப் பாதுகாப்பை முன்னிட்டு ஓடுதளத்தின் மேற்குக் கோடியிலிருந்து முந்நூறு கஜத்துக்குள் இருக்கிற மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்றார். கிணறு பின்னால் இருப்பதை அப்பாதுரை மெல்லச் சொல்லிப் பார்த்தார். மரம் இல்லாவிட்டால் மோதியே இருக்கமாட்டானே, கிணறு எங்கே வந்தது என்று அதிகாரி கேட்டார். மரமா மனுஷனா என்றால் மனுஷன்தான் என்றும் சொன்னார். அந்த வாக்கியத்தில் ஒரு குற்றமும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதுதான் அப்பாதுரைக்குப் பேஜாராக இருந்தது.

நாடா பிடித்து அளந்தார்கள். புளி, இலுப்பை, வேம்பு என்று நாற்பத்தோரு மரம் தேறியது. ஓடுதளத்துக்கு வெகு கிட்டத்தில், புளியமரத்தைவிட ஒரு ஆள் உயரம் கூடுதலாக நின்ற இரண்டு பனைமரங்கள் மட்டும் ஜாபிதாவில் வரவில்லை. நாடாவின் ஒரு முனையைக் கணக்குப்பிள்ளை பிடித்திருந்தார். பனை இரண்டும் கணக்குப்பிள்ளையுடையவை. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

புளியமரம் நின்றது புறம்போக்கில். ஆனால் அதன் பலன் பாஞ்சாலிக்கு என்று மரப்பட்டா இருந்தது. புருஷன் செத்துப் பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு அந்தப் புளிதான் சோறு. அதைப் பிரம்மதேசத்திலிருந்து விக்கிரவாண்டிச் சந்தை வரைக்கும் தலையில் சுமந்து விற்றாள். ஜாபிதா எழுதின சாயங்காலம் அவள் அப்பாதுரையின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா கணக்குப்புள்ள, எம்மரத்துக்கு எத்தினாவது நம்பரு?"

"ஒண்ணு."

"மொத நம்பரா. மருவாதியாத்தான் கீது." சிரிக்கவில்லை. "களத்துல மல்லாட்ட கெடந்துச்சின்னு ஒரு வார்த்த நான் சொல்லியிருப்பேன். அன்னிக்கி என் புளியுந்தான் அங்க காஞ்சிக்கினு கெடந்துது. ஊரையே மாட்டிவுட்டுட்டு எந்த மூஞ்ச வெச்சிக்கினு இங்க குந்தறது? ஆனா ஒண்ணு கேக்கறேன். எப்பவும் தண்டோரா போடுவீங்களே, இந்தவாட்டி ஏன் போடல?"

கார்டு வரவில்லை என்றார் அப்பாதுரை. பொய் சொல்வது அவருக்குப் பழக்கமான வேலைதான். பாஞ்சாலி அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். உள்ளேயிருந்து மனைவி லட்சுமியம்மாள், வெள்ளிக்கிழமை வந்த கார்டு வேறு யாருக்கு வந்த கார்டு என்று கேட்டாள். அன்றைக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் கையெழுத்து. சித்திரை வெயில் பத்து மணிக்கே மண்டையைப் பிளந்தது. சுற்றுவட்டாரத்தில் நல்ல நிழல் ஒன்றுதான் உண்டு. எனவே அதிகாரி மேஜை நாற்காலியை அந்தப் புளியமரத்தடியிலேயே போடச் சொல்லி, அதன் கீழே சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, அதை வெட்டும் உத்தரவைச் சொல்லி எழுதவைத்தார். நடுவில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்து, காற்று நன்றாக வருகிறது என்று பாராட்டினார். பாஞ்சாலி அவருக்கும் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். இந்தத் தடவை உப்புச் சரியாக இருந்தது.

கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தில் ஒரு வரி இருந்தது: 'விபத்தின்போது ஓடுதளத்தில் யாதொரு தடையும் இல்லை.' அப்பாதுரை பேனாவுக்காகச் சட்டைப்பையில் கையை விட்டார். பேனாவோடு கார்டும் ஒட்டிக்கொண்டு வந்தது. பத்து நாளாக அதைக் கிழித்துப்போடவும் அவருக்குத் தைரியம் வந்திருக்கவில்லை. கோழைத்தனம் ஒரு மனுஷனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். திரும்ப உள்ளே வைக்கப்போனவர் நிமிர்ந்தார். பாஞ்சாலி அவரைப் பார்க்கவில்லை. முறிந்த கிளையில் புதிதாக விட்டிருந்த கொழுந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்டை மேஜைமேல் வைத்தார்.

"ஐயா, கையெழுத்துக்கு முன்னால இதைப் படிச்சிடுங்க. வெள்ளிக்கிழமையே வந்துது. நான்தான் தண்டோரா போடல. களத்துல மல்லாட்டை காஞ்சிக்கினு இருந்துது. பையன் பார்த்த பழுப்பு அதுதான். அவன் கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க."

அதிகாரி கார்டின் இரண்டு பக்கத்தையும் பார்த்தார். தபால் முத்திரையைப் பார்த்தார்.

"யாரோட மல்லாட்டை?"

பாஞ்சாலியின் கை மோர்ச் சொம்பில் நின்றது.

"என்னுதுங்க."

"உங்களுக்கு எவ்வளவு நிலம், கணக்குப்பிள்ளை?"

"ஒண்ணரைக் காணி."

"ஒண்ணரைக் காணி மல்லாட்டையை கால் மைல் தூரத்துக்கா காயப் போட்டீங்க?"

இருபத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் கருவாம்பட்டில் நல்ல மகசூல் என்று ஒரு தடவைகூட எழுதி அறியாத அப்பாதுரை, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

"இந்த வருசம் நல்ல விளைச்சலுங்க."

சுற்றி நின்ற கூட்டத்தில் யாருக்கோ இருமல் வந்தது. அதிகாரி முட்டாள் இல்லை. அவருக்கும் புரிந்தது. ஆனால் ஓர் ஆள் கிடைத்தபிறகு அறுபது ஆளைத் தேடுவது அதிக வேலை. அப்பாதுரையை அன்றிலிருந்தே வேலையிலிருந்து நிறுத்திவைக்கச் சிபாரிசு எழுதினார். பிறகு ஜாபிதாவைக் கையில் எடுத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். தப்பு மரத்தினுடையது இல்லை என்று ஆகிவிட்டது; ஆனால் அவருடைய கஷ்டம் வேறே. உயிர்ப் பாதுகாப்பு என்று தலைப்புப் போட்டாகிவிட்டது. ஒரு மரமாவது வெட்டாமல் மதராஸுக்குத் திரும்பினால் ஃபைலை எப்படி மூடுவது?

"வெட்டணும்னா ரெண்டு பனை இருக்குதுங்க," என்றார் அப்பாதுரை. "நெசமாவே தடங்கல் அதுங்கதான். நேத்து நாடாவை நான் கொஞ்சம் தள்ளிப் புடிச்சிட்டேன்."

அதிகாரி அவரை முதல் தடவையாக ஒரு மனுஷனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். பிறகு நாற்பத்தொன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார்.

பனைகள் அந்த வாரமே விழுந்தன. லட்சுமியம்மாள் நுங்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு வந்தாள். அன்றைக்குச் சோறு போடும்போது முகத்தைப் பார்த்தாள். பேசினது அடுத்த மாதம்தான்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை புதுக் கணக்குப்பிள்ளைக்குக் கார்டு வந்தது. சனிக்கிழமை முருகையன் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டான். அப்பாதுரைதான் முதலில் துடைப்பத்தோடு போனவர். இருட்டுவதற்குள் ஒரு பொட்டு மல்லாட்டை இல்லாமல் களம் துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊரே புளியமரத்தடியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தது. எட்டு மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. ஒரு காக்கை வந்து பனைமரம் இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போயிற்று. பிந்திப் பறித்துச் சாக்குகளில் கட்டிவைத்த மல்லாட்டை வேர்த்துக்கொண்டிருந்தது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில், ஈரப் பருப்பை அரை நாளில் குலுங்க வைத்துவிடும்.

பன்னிரண்டு மணிக்கு மேல் பாஞ்சாலி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

"வரமாட்டான். மேகத்துல எதனா மரம் குறுக்க வந்திருக்கும்."

இரண்டடி போனவள் திரும்பி அப்பாதுரையைப் பார்த்தாள்.

"உம்ம மல்லாட்டையில இன்னும் எத்தினி வெயில் பாக்கி கீது?"

"ஒண்ணு."

"அப்ப குந்திக்கினு இருக்காம கொட்டுங்க. நான் மேல பாத்துக்கினு இருக்கேன்."