பதினேழாவது அடி

மருந்துக் கடையில் விற்பனைக்கு நிற்கும் அவள், ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, குழந்தைகள் காப்பகத்திலிருந்து மூன்று வயது மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வீடு திரும்புவாள். ஓரிடத்தில் நில்லாமல் உருண்டுகொண்டே இருப்பதால் மகளுக்கு வீட்டில் பட்டாணி என்று பெயர்.

அன்று குழாய் பதிப்பதற்காக நடைபாதையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். தெருவிளக்கும் எரியவில்லை. வேறு வழியில்லாமல் சாலையில் இறங்கி, செல்போன் வெளிச்சத்தைக் காலடியில் காட்டியபடி நடந்தாள். பின்னால் ஒரு வேன் வரும் சத்தம் கேட்டது. எப்படியும் ஒதுங்கிப் போவான் என்று நினைத்தாள். ஒதுங்கவில்லை. சத்தம் முதுகை ஒட்டி வந்தபோது குழந்தையை வாரிக்கொண்டு மண்மேட்டில் விழுந்தாள். வேனின் பக்கக் கண்ணாடி அவள் தோள்பையைத் தட்டிவிட்டுப் போயிற்று.

உயிர் போய் உயிர் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். செல்போன் வெளிச்சம் பட்ட வேனின் பின்கதவில் இரண்டு மஞ்சள் பூ ஸ்டிக்கர். பட்டாணி ஒட்டியவை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் அந்த வேனை ஓட்டுபவர் அவளுடைய மாமனார்.

"மாமா!" என்று கத்தினாள். சிவப்பு விளக்குகள் தயங்காமல் திருப்பத்தில் மறைந்தன.

வீட்டுக்கு வந்தபோது மாமனார் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். மகன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து மாலைச் சமையல் அவருடையதுதான்.

"என்னம்மா இன்னைக்கு லேட்டு? டீ போடவா?"

அவளுக்கு முன்னால் பட்டாணி முந்திக்கொண்டாள். "தாத்தா, நாங்க ரோட்டுல டமால்னு விழுந்தோம். வண்டி வந்துச்சு!"

கத்தியை வைத்துவிட்டு ஓடி வந்தார் பெரியவர். குழந்தையின் முட்டியைத் தடவிப் பார்த்தார். "எந்தக் கழுதைம்மா அது? கண்ணப் பொடனில வச்சுக்கிட்டு ஓட்டுறானுங்க. நம்பர் பாத்தியா? சொல்லு, நாளைக்கே போயி நறுக்குனு கேக்குறேன்."

அவள் முந்தானையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். சொல்லாமல் விழுங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பத்து மணிக்கு அவருக்கு இன்னொரு டிரிப் இருந்தது. பதினாலு பேர்.

"உங்க வண்டிதான் மாமா."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு குரல் உயர்ந்தது. "இருட்டுல கருநீலச் சேலையக் கட்டிக்கிட்டு நடுரோட்டுல நடந்தா யாருக்குத் தெரியும்?"

"என் மேலயும் தப்பு இருக்கு. வண்டிங்களப் பாத்த மாதிரி எதிர்ப்பக்கமா நடந்திருக்கணும். ஆனா உங்க லைட்டு எங்க மேலதான் அடிச்சுது மாமா. எங்க நிழல் எங்களுக்கு முன்னால நீளமா ஓடுச்சு."

அவர் தரையில் உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. "வருசக்கணக்கா மங்கிக்கிட்டுதான் வருதும்மா, ஆறு மாசமா ரொம்ப மோசம். எதிர்ல லைட்டு வந்தா எல்லாம் பஞ்சாப் பறக்குது. ரோட்டோரம் போட்டிருக்கிற வெள்ளைக் கோட்டப் புடிச்சுக்கிட்டே போயிருவேன்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டிய விடச் சொல்லுவீங்க. வேற என்ன தெரியும் எனக்கு?"

அவளுக்குக் கோபம் கரைந்தது. அவரே எழுந்தார். "வெளிய வாம்மா. நீ பாட்டுக்கு நடந்து போ. நீ எப்ப மறையறேன்னு பாக்கறேன்."

வாசற்படியில் பட்டாணியை உட்கார வைத்துவிட்டு, சந்தின் மங்கலான வெளிச்சத்தில் அவள் அடியெடுத்து வைத்தாள். மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். பதினேழாவது அடியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போதும்மா."

திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அவர் சட்டைப் பையில் இருந்த பேனா வரைக்கும் தெரிந்தது. அவரோ அவள் இருந்த திசைக்குச் சற்றுத் தள்ளி, வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்ளோ கிட்டக்க பாத்தா எவனாலயும் பிரேக் போட்டு நிறுத்த முடியாதும்மா," என்றார் சுவரிடம். அவள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

வேன் முதலாளிக்கு அவரே போன் போட்டார். மறுமுனையில் காச்மூச்சென்று கத்தல். "கடைசி நேரத்துல சொன்னா ஆளுக்கு எங்கய்யா போவேன்?"

"ஆள் கிடைக்கலைன்னா நீங்களே ஓட்டுங்க. நான் தொட மாட்டேன்."

முதலாளி லுங்கியோடு வந்து, முணுமுணுத்தபடி சாவியை வாங்கிப் போனார். அவள் கொடுத்த டீயை மாமனார் ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார்.

இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது என்றார் கண் டாக்டர். "இதோட ராத்திரியில வேன் ஓட்டுனீங்களா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கவும் செய்தார். ஒரு கண்ணுக்குப் பின் இன்னொன்று என்று அறுவை சிகிச்சை நடந்தது. வேலை போய்விடும் என்று அவர் பயந்த மாதிரி ஆகவில்லை. முதலாளி திட்டிக்கொண்டே அவரை ஷெட்டில் வண்டிகளைச் சரிபார்க்கப் போட்டார். டாக்டர் சரி என்றபின் முதலில் பகல் டிரிப் என்று பேச்சு. இதற்கிடையில் அவளும் வெளிர் நிறத்தில் ஒரு மேல்கோட்டு வாங்கிக்கொண்டாள். சாலையில் எதிர்ப்பக்கமாகத்தான் நடக்கிறாள்.

இரண்டாவது கண்ணின் கட்டைப் பிரித்த அன்று பட்டாணி அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவர் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உதட்டுக்குக் கீழ இந்த மச்சம் எப்பம்மா வந்துச்சு?"

"பொறந்ததுலருந்தே இருக்கு மாமா," என்றாள் மருமகள்.