மணக்காத எண்ணெய்

எள்ளெண்ணெயை வாங்குகிறவர்கள் அதன் மணத்துக்காக வாங்குகிறார்கள். சோயா எண்ணெயை வாங்குகிறவர்கள் அதில் எந்த மணமும் இல்லை என்பதற்காக வாங்குகிறார்கள். வீட்டில் மூடியைத் திருகி முகர்ந்துபார்ப்பார்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் அடுத்த மாதமும் அதே பாட்டில். ஏதாவது தெரிந்தால் அந்தப் பெயரை அதோடு கைகழுவிவிடுவார்கள்.

அந்த ஒன்றுமில்லாததைக் காவல் காப்பது அவள் வேலை. ஆலையில் அவளை மூக்கக்கா என்று கூப்பிட்டார்கள். சுத்திகரித்த எண்ணெய் பாட்டிலுக்குப் போகும் முன் ஒரு கிண்ணம் அவளுடைய அறைக்கு வரும். ஜன்னல் இல்லாத சின்ன அறை, வெள்ளை ஓடு பதித்த சுவர். மேசையின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு முக்காலி. கிண்ணங்கள் நீலக் கண்ணாடி. எண்ணெயின் நிறம் பார்த்து யாரும் ஏமாறக்கூடாது. லேசாகச் சூடு காட்டிய எண்ணெயை மூடி திறந்து முகர்ந்து, ஒரு வாய் வைத்து, துப்பி, வெந்நீரில் கொப்பளித்து, மதிப்பெண் போட வேண்டும். சோயாவுக்கென்று சில வாடைகள் உண்டு. வேகாத பயறு வாடை, பெயின்ட் வாடை, நாள்பட்டால் மீன் வாடை. இவற்றில் எது எட்டிப்பார்த்தாலும் அந்த எண்ணெய்த் தொட்டி பாட்டிலுக்குப் போகாமல் நிற்கும்.

இந்த முக்காலிக்காக அவள் பல காரியங்களை விட்டிருந்தாள். வாசனைச் சோப்பு கிடையாது. தலையில் பூ கிடையாது. காலையில் காப்பி கிடையாது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடம் உட்கார்ந்தவள். மகள் இப்போது கல்லூரியில். வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். வேறு சம்பாத்தியம் இல்லை.

அறுப்பு நேரத்தில் பெய்யக்கூடாத மழை பெய்தது. அதில் நனைந்து சளிக்காய்ச்சலில் படுத்தாள். காய்ச்சல் போனது. போகும்போது மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது. வேறு வேலை பார்க்கிறவளாக இருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அவள் வேலையில், ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் நல்ல செய்தி. கிண்ணத்துக்குப் பின் கிண்ணம் வந்தது. எதிலும் குறை இல்லை. ஆலையில் இவ்வளவு சுத்தமான எண்ணெய் வந்ததே இல்லை என்று நினைத்து, சுத்திகரிப்புப் பகுதி ஆட்களிடம் போய்ப் பாராட்டிவிட்டும் வந்தாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒருநாள் அடுப்பில் பால் இருக்கும்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாடியில் படித்துக்கொண்டிருந்த மகள் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். பாத்திரத்தின் அடி கருகிப் புகை சுழன்றுகொண்டிருந்தது. தெரு முழுக்க நாறுது, உனக்குத் தெரியலையாம்மா என்று மகள் கேட்டாள். அவள் குனிந்து பாத்திரத்தின் மேல் முகத்தை வைத்தாள். புகையில் கண் எரிந்தது. அவ்வளவுதான்.

அன்றிரவு வெங்காயம், கற்பூரம், மண்ணெண்ணெய், மகளின் பவுடர் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் தண்ணீர் மாதிரி இருந்தன. மருத்துவர், வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார்.

வரும் என்று வைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவரை ஆலையில் செருமல் என்பார்கள். எண்ணெயில் கோளாறு இருந்தால் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் மதிப்பெண் போடுவார். அது அவருக்கே தெரியாது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் செருமினால் மதிப்பெண்ணைக் குறைத்தாள். செருமாவிட்டால் முழுதாகப் போட்டாள். முன்பைவிட இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிறது என்று மேலாளர் சந்தோஷப்பட்டார்.

அந்த மழை அவளுடைய அண்ணனின் சோயா வயலையும் விடவில்லை. முற்றிக் காய்ந்த நெற்றில் தண்ணீர் இறங்கிப் பாதிப் பயறு உள்ளேயே முளைவிட்டிருந்தது. அண்ணன் தார்ப்பாயில் பரப்பி, புரட்டிப் புரட்டிக் காயவைத்தார். கறுத்ததை அண்ணி பொறுக்கினாள். முதல் லாரியை ஆலைக்கு ஓட்டி வந்தார்கள். வாசலில் ஈரம் பார்த்தார்கள். காய்ந்துதான் இருந்தது, உள்ளே விட்டார்கள். அந்த வாரம் வேறு வண்டி வரவில்லை. ஒரு தொட்டி முழுக்க அண்ணனுடைய பயறுதான்.

அந்தத் தொட்டியின் கிண்ணம் வந்த நாளில் செருமல் விடுப்பில் இருந்தார். மச்சினன் கல்யாணம். பலகைக்கு அந்தப் பக்கம் மேலாளர் வந்து உட்கார்ந்தார். போனில் விற்பனை முகவர் ஒருவர் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் அவர் தொண்டையையே கேட்டுக்கொண்டிருந்தாள். அது முகவரோடு பேசிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் தலையை நீட்டி, நீங்க என்ன போட்டீங்க என்றார். அவள் நல்ல மதிப்பெண்ணைச் சொன்னாள். அவரும் அதையே போட்டுவிட்டு எழுந்து போனார்.

கடை வெளிச்சத்தில் ஒரு மாதம் நின்ற பிறகு பாட்டில்கள் பேச ஆரம்பித்தன. பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. மீன் பொரித்த எண்ணெயை வடிகட்டி விற்கிறீர்களா என்று ஒரு கடைக்காரர் முகவரிடம் கேட்டிருக்கிறார். இன்னொரு கடையில் ஒரு பெண்மணி பாட்டிலைத் திறந்து, வரிசையில் நின்ற எல்லோருக்கும் முகரக் கொடுத்துவிட்டுப் போனாளாம். எந்தத் தொட்டி, யாருடைய பயறு என்று தெரிந்துகொள்ள மேலாளருக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அண்ணனுடைய இரண்டாவது லாரி அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தது. அதை வெளியிலேயே நிறுத்தச் சொன்னார்.

பிறகு அவளைக் கூப்பிட்டார். செருமலும் நின்றார். மேசையில் மூன்று நீலக் கிண்ணம். இரண்டில் நல்ல எண்ணெய், ஒன்றில் திரும்பி வந்தது. எதில் எது என்பது கிண்ணத்தின் அடியில் எழுதியிருந்தது.

"கெட்டதை எடுங்கம்மா" என்றார் மேலாளர்.

 முதல் கிண்ணத்தை முகர்ந்தாள். தண்ணீர். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது தண்ணீர். செருமலின் தொண்டையைக் கேட்டாள். அவர் முகரவே இல்லை. வாயில் வைத்துப் பார்த்தாள். நாக்கில் வழவழப்பு தெரிந்தது, அதற்கு மேல் இல்லை. மேலாளர் காத்திருந்தார். நடுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். கைக்கு நேரே இருந்தது அதுதான்.

மேலாளர் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். செருமலிடம் காட்டினார். அவர் தலையாட்டினார். திரும்பி வந்த எண்ணெய் அதில்தான் இருந்தது.

பிழைத்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

"மூக்கு போயிருச்சோன்னு பயந்துட்டேன்" என்றார் மேலாளர். "போயிருந்தா பாவம், யார் என்ன செய்ய முடியும், வேற ஆளைப் போட்டிருப்பேன். இது அப்படி இல்லையே. மூக்கு நல்லாத்தான் இருக்கு. அப்ப அன்னிக்கும் தெரிஞ்சிருக்கு. அண்ணன் சரக்குன்னு கண்ணை மூடிக்கிட்டீங்க."

அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் முக்காலி போகும். சொல்லாவிட்டால் அண்ணன் பிழைப்பு போகும்.  வாயை மூடிக்கொண்டாள்.

மேலாளர் அதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார். குரலைத் தணித்தார். தானும் அன்றைக்கு அவளை நம்பிக் கையெழுத்துப் போட்டதால் விஷயத்தைப் பெரிதாக்கப் போவதில்லை என்றார். இப்படியொரு மூக்கு லேசில் கிடைக்காது, அவள் இருக்கலாம். ஆனால் அவளுடைய அண்ணன் வண்டி இனி இந்த வாசலில் நுழையக்கூடாது. அண்ணன் ஊரைச் சுற்றி சோயா வாங்க வேறு ஆலை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.  வெளியே வரும்போது செருமல் அவளுக்கு வழிவிட்டு, தேவைக்கு அதிகமாகவே ஒதுங்கி நின்றார்.

அண்ணன் லாரியோடு வாசலில் இரண்டு நாள் கெஞ்சிக்கொண்டு கிடந்தார். மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் கிழிந்திருந்தது. மூன்றாம் நாள் லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். திட்டுவார் என்று நினைத்து, திட்டு வாங்கத் தயாராகப் போனாள். அண்ணி வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் அண்ணி அவள் கையைப் பிடித்தது கல்யாணமாகி வந்த அன்றுதான் கடைசி. நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடு வாயில் பஞ்சு மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் எந்தச் சாப்பாடும் அப்படித்தான்.

அண்ணனுக்கு விஷயம் எட்டியிருந்தது. ஊருக்கே எட்டியிருந்தது. அவர் அவளைப் பார்த்துச் சிரித்தார். கண் ஓரம் ஈரமாக இருந்தது.

"எனக்காக நீ இப்படிச் செய்வேன்னு நான் கனவுலகூட நினைக்கல பாப்பா" என்றார்.

"நான் ஒண்ணும் செய்யலண்ணே."

"சரி சரி. செய்யல."

அண்ணியிடம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். அவள் இன்னொரு தரம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர்கள் பார்வையில் அவள் இன்னும் உயர்ந்துகொண்டே போனாள். எத்தனையோ வருடமாக இவள் அம்மா நகையில் பங்கு கேட்டவள் என்றிருந்த வீடு அது. இப்போது தட்டில் இரண்டாம் தரம் குழம்பு விழுந்தது.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன், திருப்பிக் கொண்டுவந்த பயறு கொட்டகையில் கிடக்கிறது என்றார். நனைந்ததைப் பரப்ப இடம் இல்லாமல் மூட்டையாகவே அடுக்கிவிட்டாராம். மாட்டுத் தீவனத்துக்காவது ஆகுமா என்று அவள் பார்த்துச் சொல்லட்டும். உன் மூக்கு இருக்கும்போது எனக்கு வேறு ஆள் எதற்கு என்றார். அண்ணி, நான் வரல சாமி என்று உள்ளே போய்விட்டாள். அண்ணன் சாவி தேடிக்கொண்டிருந்தார். கதவு சும்மா சாத்தித்தான் இருந்தது. அவள் முன்னால் போய்த் தள்ளித் திறந்தாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மூட்டைகள் தொய்ந்து ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன. ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தாள். கையை மணிக்கட்டு வரை விட்டாள். உள்ளே அடுப்படி மாதிரி சூடு. ஒரு கை அள்ளி, கதவு வெளிச்சத்துக்காகத் திரும்பி, பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். பயறு கொழகொழவென்று விரலில் ஒட்டியது. நன்றாக இழுத்து முகர்ந்தாள்.

அண்ணன் வாசலில் நின்றிருந்தார். துண்டால் மூக்கையும் வாயையும் அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் ஒரு காலைக்கூட உள்ளே வைக்கவில்லை. அவள் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாப்பா, வெளிய வா."

அவள் அப்படியே நின்றாள். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தன் கையில் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றார் அண்ணன்.

"மழையில படுத்தேனே, அப்ப இருந்து."

அவர் பின்னால் நகர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். துண்டை மூக்கிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். 

"அப்ப எனக்காக இல்ல."

"இல்லண்ணே."

அவர் தலையாட்டினார். கோபம் இல்லை. கொடுத்த ஒன்றைத் திருப்பி வாங்கிக்கொண்ட மாதிரி முகம் வெறுமையாகிவிட்டது. உள்ளே அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சொல்ல வேண்டாம் என்றார் முதலில். பிறகு, யாருக்குமே சொல்ல வேண்டாம் என்றார். நான் எப்படியோ புரண்டு எழுந்துவிடுவேன், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்ப்பேன். உனக்குப் பெண் இருக்கிறாள், படிப்பு இருக்கிறது என்றார். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை. கிழக்குப் பக்கம் அறுத்த தாள் நிற்கும் வயலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அடுத்த தொட்டி வேறு யாருடைய பயறோ என்று அவள் நினைத்தாள். செருமலுக்கு மறுபடி ஏதாவது கல்யாணம் வரும்.

"சொன்னா நம்ப மாட்டார்" என்றாள். "கெட்ட எண்ணெய்க் கிண்ணத்தை நானே எடுத்துக் கொடுத்திருக்கேன். கொண்டுபோய்த்தான் காட்டணும்."

அண்ணிக்குத் தெரியாமல் சமையலறை ஓரத்திலிருந்து ஒரு பிளாஸ்டிக் பை எடுத்து வந்தாள். அண்ணனிடம் நீட்டினாள்.

"எது ரொம்ப மோசம்னு எனக்குத் தெரியாது. நீங்களே அள்ளிக் கொடுங்கண்ணே."

அவர் பையை வாங்கவில்லை. அவள் நீட்டியபடியே நின்றாள். கடைசியில் துண்டை முகத்தில் இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அடி மூட்டையைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. இரண்டு தரம் குமட்டினார். வெளியே வந்தபோது பையின் வாயைத் தன் கையாலேயே முடிச்சுப் போட்டிருந்தார். அவள் அதை அவிழ்த்து, இன்னும் லேசாக முடிந்தாள்.

மறுநாள் காலைப் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து முன்னால் போய் நின்றாள். முன்னிருக்கைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலை முழுக்கத் திறந்தார். பின்னால் யாரோ முந்தானையை மூக்கில் வைத்தபடி, செத்த எலியா என்று கேட்டார்கள். மேலாளர் அறையில் இதை மேசைமேல் அவிழ்த்து வைத்து, அவர் வெளியே ஓடிய பிறகும் தான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு இது போதுமா என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.