காதுக்குக் கீழே ஒரு பட்டை

சலூன் மாஸ்டர் யாரையும் பாராட்டியதாகச் சரித்திரமே கிடையாது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அப்பேர்ப்பட்டவர் படுக்கையில் விழுந்து, டாக்டரும் கைவிரித்த பிறகு, தினமும் வீட்டுக்கு வந்து சவரம் செய்துவிடும் சீடரிடம் திடீரென்று "பிரமாதம்டா" என்றார்.

வேறு யாரையாவது சொல்கிறாரோ என்று சீடர் திரும்பிப் பார்த்தார். கடையில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கண்ணாடியில் தெரிவது தன் முகம்தானா என்று இரண்டு தரம் சரிபார்க்கிற ஆள். பேரன் எடுத்த பிறகும் மாஸ்டர் வாயால் ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்கியவர்தான். ஆனால் வந்தது நிஜமா, போகிற நேரத்துப் பிச்சையா?

மறுநாளும் "பிரமாதம்". சீடர் சமையலறைக்குப் போய் மாஸ்டரின் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"அக்கா, மாஸ்டருக்கு நினைவு ஏதும் தப்புதா?"

"காலைல சூப்ல உப்பில்லன்னு என் வம்சத்தையே இழுத்தாரு. நினைவுக்கு ஒரு குறையும் இல்ல."

அப்படியானால் பொய்தான். சோதித்துவிட வேண்டியதுதான்.

அடுத்த நாள் நுரை பூசி முகம் முழுக்க வழித்தவர், இடது காதுக்குக் கீழே விரல் அகலத்துக்கு நரைமுடியை வேண்டுமென்றே விட்டுவைத்தார். மாஸ்டர் கண்ணை மூடியபடி, வழக்கம்போல் புறங்கையால் கன்னத்தைத் தடவினார். கை அந்தப் பட்டையில் ஏறி இறங்கியது. எருமைத் தோலுக்கும் குத்தியிருக்கும்.

"பிரமாதம்டா."

சீடரின் ஆயுசுக்காலத் தொழில் அத்தனையும் கிண்ணத்து நுரையாக அடங்கிப்போனது.

"ஏன் மாஸ்டர் பொய் சொல்றீங்க? ஒரு பட்டையே விட்டிருக்கேன்."

"வேணும்னே விட்டிருக்க. ஓரத்தப் பாரு, ஸ்கேல் வச்சுக் கிழிச்ச மாதிரி. தப்புகூட உனக்குக் கோணலா வரல. அதத்தான் சொன்னேன்."

பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தார். நிஜம்தான்.

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சந்தேகத்த விட்டிருப்ப. அடுத்தவன் கழுத்துல கத்தி வைக்கிறவன் தன் கையச் சந்தேகப்பட்டுக்கிட்டேதான் இருக்கணும்."

"அப்ப இப்ப எதுக்குச் சொன்னீங்க?"

"நாளைக்கு யாரு தடவிப் பாத்துச் சொல்லுவா? இனிமே நீயே பாத்துக்க. மொதல்ல அந்தப் பட்டைய எடு. இந்த மூஞ்சியோட போனா அங்க உள்ள விடமாட்டாங்க."

பட்டையை எடுத்தார் சீடர். புறங்கையால் தடவினார். நம்பிக்கையில்லாமல் இன்னொரு தரம் தடவினார்.

"ம்" என்றார்.