தண்ணீர் தெரிகிற படம்

"வயல்ல தண்ணி எங்கம்மா?" என்று வேளாண்மை ஆபீஸ் உதவியாளர் போனில் கேட்டார்.

வெளியாட்களிடம் எனக்குச் சட்டென்று பேச்சு வராது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து வீட்டு போன் என் கையில்தான் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புவது என் வேலை, பேசுவது அப்பா வேலை. அப்பா பக்கத்தில் இல்லை.

"அப்பா வடிச்சிட்டாருங்க."

"படத்துல பச்சையா நிக்குதே. தண்ணி தெரியிற மாதிரி நாலு மணிக்குள்ள அனுப்புங்க. அதுக்கப்புறம் ஆப்ல ஏறாது."

ஐந்து நாள் மழையில் வலங்கைமான் பக்கம் எல்லா வயலும் முழுகியிருந்தது. பாதிப்பைப் பார்க்க யாரும் வரப்பில் இறங்கி வருவதில்லை. தேதியும் இடமும் பதிந்த படம் போதும். ஆனால் நாற்பது நாள் பயிர் தண்ணீருக்குள் கிடக்கும்போது அப்பாவுக்குச் சோறு இறங்காது. வாடகை இன்ஜின் வைத்து இரண்டு நாள் இறைத்தார். பாதி அழுகிவிட்டது, பாதி தலைதூக்கியது. அழுகிய நெற்குத்திலும் தோகை இன்னும் பச்சைதான். வேர் கறுத்தது படத்தில் விழாது. பட்டியலில் பேர் ஏறாவிட்டால் போன பாதிக்கு நிவாரணம் வராது. மறுபடி நட வழியில்லை.

பக்கத்து வயல் திருமுருகன் மாமா கல்யாணத்துக்குப் போய்விட்டு அன்று காலையில்தான் வந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, அழுகின குத்து ஒன்றைப் பிடுங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார்.

"ஆர்த்தி, மூஞ்சி சோகமா விழுதா பாரு."

நான்தான் எடுத்தேன். உடனே ஏறிவிட்டது.

"தூங்கினவனுக்குத்தான் முதல் மார்க்கு," என்று அப்பா அப்போது சிரித்தார்.

"நீயும் ஒரு மணி நேரம் மடையைத் திறந்துவிடு மச்சான். படம் எடுத்துட்டு அடைச்சுக்க."

"இன்னொருக்கா முழுகினா எந்திரிக்காதுடா."

"மிச்சம் இருக்கறதே பாதி."

அப்பா இன்ஜினைத் திருப்பிக் கொடுக்க ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

அந்த போன் வந்தது அதற்குப் பிறகுதான். மணி மூன்று. வரப்பில் போனேன், வந்தேன். குனிந்து, குழியில் தேங்கியிருந்த தண்ணீர் பெரிதாய்த் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். ஏற்கவில்லை. மூலையில் நின்று எடுத்தேன். அதையும் ஏற்கவில்லை. மூன்று இருபது. அப்பாவைக் கூப்பிடலாம் என்றால் அவரிடம் போன் கிடையாது. மூன்றரை.

மடையை அடைத்திருந்த சாக்கை இழுத்தேன்.

வாய்க்கால் தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. நான் நினைத்ததைவிட வேகமாகத் தண்ணீர் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் மடையோரம் தோகையின் நுனி மட்டும்தான் வெளியே. எடுத்தேன். தெளிவான படம், மேகம்கூடத் தண்ணீரில் விழுந்திருந்தது. மூன்று ஐம்பதுக்கு 'ஏற்கப்பட்டது' என்று வந்தது.

சாக்கைத் திரும்ப வைத்தேன். தண்ணீர் அதைத் தள்ளிவிட்டது. சேற்றை அள்ளிப் போட்டேன். கரைந்து போனது. எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது.

அப்பா வந்தபோது தோகை நுனியும் தெரியவில்லை.

"அப்பா, ஏத்துக்கிட்டாங்கப்பா. பேரு ஏறிடுச்சு," என்று போனை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவில்லை. இறங்கி, சாக்கை மிதித்து அழுத்தி, மேலே சேற்றைப் போட்டு மடையை அடைத்தார். தண்ணீருக்குள் கைவிட்டு ஒரு குத்தைத் தடவினார். பக்கத்துக் குத்தையும் தடவினார். வரப்பில் ஏறி, வாய்க்காலில் கையைக் கழுவிக்கொண்டு, என்னைத் தாண்டி ரோட்டுப் பக்கம் நடந்தார்.