நோரா டீச்சரின் பேட்டரி

“அது பேட்டரி இல்லை ஓஸ்வால்ட், பாம்! மூணாவது மாடியில பாமை வெச்சுண்டு கீழ நாங்க நிம்மதியாத் தூங்கணுமா?”

“என்கிட்ட ஏன் சார் கத்துறீங்க? அவகிட்ட சொல்லுங்க!”

“நீங்க வீட்டு ஆம்பளை. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேளா?”

“நான் தம்பி சார்! அக்காகிட்ட நான் என்னத்தச் சொல்றது?”

மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிரில்தான் என் வாசல். உள்ளே இருந்தபடியே எல்லாம் கேட்கும். ஆனாலும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றேன். ஒளிந்து கேட்பது எனக்குப் பிடிக்காது.

பாம் என்றவர் முதல் மாடி ஆராவமுதன். மாநில அரசில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஆறு வீட்டுக் கட்டடத்தின் அசோசியேஷனுக்கு ஒன்பது வருடமாகச் செயலாளர். வேறு யாரும் நிற்பதில்லை என்பதால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். தம்பி என்றவன் மூன்றாம் மாடி ஓஸ்வால்ட். பெங்களூரின் மறுகோடியில், பீன்யாவில், ஒரு பம்பு கம்பெனியில் சூப்பர்வைசர். அங்கிருந்து காக்ஸ் டவுன் வீட்டுக்கு அவன் வந்து சேரும்போது அவன் சட்டையைவிட முகம் அதிகமாகக் கசங்கியிருக்கும்.

சண்டைக்குக் காரணமான நோரா டீச்சர் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. இருபத்தாறு வருடமாக எட்டாம் வகுப்புக்குக் கணக்கு. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யார் வீட்டுச் சண்டையையோ பார்க்கிறவள் போல, செருப்பைக் கழற்றிக் கால்விரல்களை நீவிக்கொண்டிருந்தாள்.

அந்த அக்டோபரில் அவள் ஒரு பலகை வாங்கியிருந்தாள். ஏறக்குறைய அவள் உயரம். அடியில் ஒரு கம்பம், கம்பத்தின் நுனியில் விமானத்துக்கு இருப்பதுபோல இறக்கைகள், நடுவில் கையளவு மோட்டாரும் அதற்கொரு சின்ன விசிறியும். அதைப் படியில் ஏற்றியபோது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த, நீலசந்திராவிலிருந்து வேலைக்கு வரும் அன்னம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா இது, இஸ்திரிப் பலகைல ஃபேனைத் தலைகீழா மாட்டிகிறாங்க?” என்றாள். கட்டடத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. என்ன விலை என்று மட்டும் நோராவிடமிருந்து என்னால் இன்றுவரை கறக்க முடியவில்லை.

கடல் அலையில் நின்றுகொண்டு போகிற பலகையாம் அது. பெங்களூரில் கடல் எங்கே இருக்கிறது என்று நானும் கேட்டேன். முல்கியில் இருக்கிறது, முந்நூற்றெழுபது கிலோமீட்டர். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை அவள் பள்ளிக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை பழைய வேகன் ஆரின் முன்சீட்டைச் சாய்த்துப் பலகையைச் செருகிக்கொண்டு புறப்படுவாள். ஞாயிறு திரும்புவாள். திங்கள் காலை ஏழே முக்காலுக்கு மறுபடியும் பள்ளி. போகும்போது இருப்பதைவிட வரும்போது இன்னும் வாடி வருவாள். ஆள் யாரோ இருக்கிறான் என்றுதான் நாங்கள் முதலில் முடிவு கட்டினோம். அதையாவது புரிந்துகொண்டிருக்கலாம்.

“புகார் நான் கொடுக்கலைம்மா,” என்று ஆராவமுதன் ஒரு தாளை உயர்த்திக் காட்டினார். “எழுத்து மூலமா வந்திருக்கு. ‘மேற்படி பேட்டரி வெடிக்கும் அபாயம் உள்ளதால் கட்டடத்தில் எங்கும் சார்ஜ் செய்ய அனுமதிக்கக் கூடாது. இப்படிக்கு, பெயர் கூற விரும்பாத குடியிருப்பவர்.’ நோடி, பாருங்கோ, செகரட்டரின்னு நான் ஒருத்தன் இருக்கேன், ஆக்‌ஷன் எடுக்கணுமா இல்லையா?”

“பார்க்கிங்ல உங்க மாப்பிள்ளை ஸ்கூட்டர் சார்ஜ்ல நிக்குதே சார்,” என்றாள் நோரா, தலையை நிமிர்த்தாமல். “அதுலயும் இதே ஜாதி பேட்டரிதான்.”

“அது ஆபீசுக்குப் போற வண்டி! இது விளையாட்டு!”

வேலைக்குப் போகிற பேட்டரி வெடிக்காது, விளையாடப் போகிற பேட்டரிதான் வெடிக்கும் என்ற விஞ்ஞானத்தை எதிர்த்துப் பேச அங்கே யாரும் இல்லை. நான் உள்பட.

“அங்கேயே போய் சார்ஜ் போட்டுக்கறது?”

“அங்க வோல்டேஜ் பத்தாது சார். ஒரு சார்ஜர் ஏற்கெனவே போச்சு. இங்கேருந்து ஏத்திட்டுப் போனாத்தான் சனிக்கிழமை காலைல தண்ணிக்குப் போக முடியும். இல்லன்னா போறதுல அர்த்தமே இல்ல.”

“அப்ப போக வேணாமே,” என்றான் ஓஸ்வால்ட்.

இதைக் கத்தாமல் சொன்னான். அதுவரை கத்திக்கொண்டிருந்தவன் திடீரென்று மெதுவாகப் பேசினால் காது தானாக நிமிரும். நோரா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டி, கட்டைத் தூக்கி, லிஃப்ட் இல்லாத மூன்று மாடியையும் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று நின்று ஏறிப் போனாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டாவது சனிக்கிழமைக்கு முந்தின வெள்ளி.

“வீடு, படிக்கட்டு, பார்க்கிங், எங்கேயும் கூடாது. தீர்மானம்,” என்று தமக்குத் தாமே அறிவித்துவிட்டு ஆராவமுதன் தாளைத் திருப்பி மடித்தார். அப்போதுதான் அதன் முதுகைப் பார்த்தேன். டோ, ரே, மி என்ற ஸ்வரங்களுக்கான ஆங்கில எழுத்துகள், நடுநடுவே முக்காற்புள்ளிகள். பாதியிலிருந்து அச்சு மங்கிய ஜெராக்ஸ்.

எனக்கு அந்தப் பாட்டெல்லாம் தெரியாது. ஆனால் போன டிசம்பரில் இதே மாதிரி ஒரு தாள் மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பறந்து என் வாஷ் ஏரியாவில் விழுந்தது. கிறிஸ்துமஸ் பாட்டுக்காகத் தினமும் அங்கே நின்று தொண்டையைத் தீட்டும் ஆளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் கட்டடத்தில் சர்ச் பாடகர் குழுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். மொட்டைக் கடுதாசி எழுத அவனுக்கு வேறு காகிதம் கிடைக்கவில்லை.

காலையில் நோரா பள்ளிக்கு இறங்கியபோது வாசலில் பிடித்துக்கொண்டேன்.

“பேட்டரியை எடுத்துட்டு வா. என் வாஷ் ஏரியாவுல போடு. வாஷிங் மெஷின் பாயின்ட் இருக்கு. அது வீடும் இல்ல, படிக்கட்டும் இல்ல, பார்க்கிங்கும் இல்ல.”

“உங்களுக்கு எதுக்கு ஆன்ட்டி வம்பு?”

“வம்பு வேணாம்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?”

அவள் சிரிக்கக்கூட இல்லை. திரும்பவும் மூன்று மாடி ஏறி, தோளை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டு அதைத் தூக்கி வந்து வைத்தாள். நான் பக்கத்துச் சந்தில் வீடு கட்டுகிற இடத்திலிருந்து ஒரு வாளி மணல் கேட்டு வாங்கி, அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். ஆராவமுதன் சொன்னதில் பாதி உண்மையாக இருந்தால்கூட நான் தரைத்தளம்; மூன்று மாடியும் என் தலைமேல்.

அது வெடிக்கவில்லை. கரண்டுதான் போயிற்று, பதினொன்றிலிருந்து இரண்டு வரை. ஆகவே மூன்று மணிக்கு நோரா வந்தபோது நான்கு கோட்டில் மூன்றுதான் ஏறியிருந்தது. அவளால் போகவும் முடியவில்லை, நின்றுகொண்டிருக்கவும் தெம்பில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். காபி கொடுத்துவிட்டு ஆரம்பித்தேன்.

“அப்படி என்னதான் இருக்கு அங்க?”

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி. டிசம்பர்ல அலையே இருக்காது. முழங்கால் உயரம் வந்தா அதிகம். மத்த பலகைக்காரங்க வந்து எட்டிப் பாத்துட்டு டிபன் சாப்பிடப் போயிடுவாங்க. எனக்கு அது போதும்.”

“உனக்கு நீச்சலாவது தெரியுமா?”

“தெரியும். ஆனா தோள் போச்சு. இத்தனை வருஷம் போர்டுல எழுதி எழுதி ரெண்டு தோளும் தூக்க முடியல. சாதாப் பலகைன்னா கையால துடுப்புப் போட்டு அலையைப் பிடிக்கணும், எனக்கு ஆகாது. இதுல மோட்டார் தள்ளிவிடும். கையில ரிமோட். கொஞ்சம் வேகம் வந்ததும் அடியில இருக்குற இறக்கை பலகையைத் தண்ணிக்கு மேல தூக்கிடும். அலை வந்து சேர்ந்ததும் ரிமோட்டை விட்டுடணும். மோட்டார் நின்னுடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் செய்ய வேணாம்.” காபி டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். “அலையே கொண்டுபோகும். சத்தம் இருக்காது. இருபது செகண்ட். நான் எதையும் தூக்கல, தள்ளல, யாருக்கும் எதையும் எடுத்து வைக்கல.”

“இருபது செகண்டுக்கா ஒம்பது மணி நேரம் வண்டி ஓட்டுறே?”

“நல்ல நாளா இருந்தா நாப்பது தடவை கிடைக்கும்.”

நான் மனக்கணக்குப் போட ஆரம்பித்தேன்.

“பதிமூணு நிமிஷம் இருபது செகண்ட்,” என்றாள் அவள்.

“விழவே மாட்டியா?”

“விழறதுதான் நிறைய. அனுஷான்னு ஒரு பொண்ணு கத்துக் கொடுக்குறா. நம்ம ஸ்கூல்தான், எங்கிட்ட எட்டாவது ரெண்டு தடவை படிச்சா. ‘மிஸ், முட்டியை மடக்குங்க, எத்தனை வாட்டி சொல்றது’ன்னு கரையிலேருந்து கத்துவா. ரொம்ப சந்தோஷமா கத்துவா.”

அந்தக் கடிதத்தின் முதுகை நான் இருபது மணி நேரமாக வாய்க்குள் வைத்திருந்தேன். என் வாழ்நாளில் அது ஒரு சாதனை. இனி முடியவில்லை.

“நோரா, அந்த லெட்டரை எழுதினது யாருன்னா...”

“தெரியும் ஆன்ட்டி. பாட்டுத் தாள். ஸ்கூல் மெஷின்ல நான்தான் அவனுக்கு நாப்பது காப்பி எடுத்துக் கொடுத்தேன்.”

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. “தெரிஞ்சுமா சும்மா இருந்தே?”

“கேட்டா சண்டை வரும். சண்டை வந்தா அவன் அழுவான். அழுதா நான் சமாதானப்படுத்தணும். அப்புறம் எழுந்து சப்பாத்தி போடணும். நேத்து அவ்வளவுக்குத் தெம்பு இல்ல.”

நான்காவது கோடு எரிந்தது. பேட்டரியைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சார்ஜரை மறந்துவிட்டாள்.

சனிக்கிழமை மதியம் ஓஸ்வால்ட் வந்து என் கதவைத் தட்டினான். லுங்கி, கையில் ஒரு காலி கிண்ணம்.

“ஆன்ட்டி, ரசப்பொடி எங்க வெச்சிருப்பான்னு தெரியுமா?”

“உங்க வீட்டு ரசப்பொடி எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்றேன். அடுப்புக்கு மேலே இரண்டாவது தட்டில், நீல மூடி போட்ட பாட்டிலில் இருக்கிறது. “இரு, என்னோடதுல தரேன். பின்னால வா.”

பின்னால் வந்தான். வாஷிங் மெஷின் மேல் சார்ஜர் கிடந்தது. அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மணல் வாளியைப் பார்த்தான்.

“உனக்குப் பாட்டுல எந்தக் குரல்?” என்று கேட்டேன்.

“டெனர், ஆன்ட்டி.”

“தாளு வீணாகாம ரெண்டு பக்கமும் உபயோகப்படுத்துறே. நல்ல பழக்கம்.”

காது இரண்டும் சிவந்துவிட்டன. ஸ்டூலில் உட்கார்ந்தான். நேற்று அக்கா சாய்ந்த அதே சுவரில் சாய்ந்தான். அந்தக் குடும்பத்துக்கே சாய ஒரு சுவர் வேண்டும்போலிருக்கிறது.

“பீன்யாவுலேருந்து வர ஒன்றரை மணி நேரம் ஆகுது ஆன்ட்டி. வந்து நிமிர்ந்து பார்த்தா பால்கனியில லைட் எரியணும். வேற ஒண்ணும் நான் கேக்கல.”

“சுவிட்ச் உன் கைக்கு எட்டாதா?”

கிண்ணத்தைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தான். “இப்ப மாசத்துல ரெண்டு சனிக்கிழமை. அப்புறம் நாலு ஆகும். ஒருநாள் அங்கேயே இருந்துட்டா?”

“இருந்தா இருக்கட்டுமே. அவ என்ன உனக்கு எழுதிக் கொடுத்திருக்காளா?”

“நான் அந்த லெட்டரை வாபஸ் வாங்கிடறேன் ஆன்ட்டி.”

“பேர் போடாத லெட்டரை எந்தப் பேர்ல வாபஸ் வாங்குவே?”

அதை அவன் யோசித்திருக்கவில்லை. ரசப்பொடியோடு கொஞ்சம் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் கொடுத்தேன். “சாயந்திரம் உங்க ப்ராக்டீஸ் இருக்கில்ல? முடிஞ்சா டீயும் பன்னும் கொடுக்கறாங்களாமே, நீ நிக்காம ஓடி வந்துடுறியாமே. இன்னிக்கு நின்னு குடிச்சுட்டு வா. இங்க யாரும் உனக்கு டீ போட்டு வைக்கல,” என்று அனுப்பினேன்.

கடிதம் வாபஸ் ஆகவில்லை. தீர்மானம் அப்படியே நின்றது. மழைக்காலம் தொடங்கும்வரை மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை பேட்டரி என் வாஷ் ஏரியாவில்தான். ஜனவரியில் ஆராவமுதன் மோப்பம் பிடித்து, கட்டட வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

“ருக்மிணி மாமி, வாஷ் ஏரியாவும் கட்டடத்துல சேர்த்திதான். பிளான்ல காட்டறேன்.”

விரித்தோம். தேடினோம். அனுமதி வாங்கிய வரைபடத்தில் என் வாஷ் ஏரியாவே இல்லை. எனக்கு மேலே இருக்கிற அவருடையதும் இல்லை. எல்லாம் பிறகு தகரமும் செங்கல்லும் வைத்து நீட்டிக்கொண்டது. அசோசியேஷன் மினிட்ஸில் ஏற்றினால் ஆறு வீட்டுக்கும் சேர்த்து ஏற்ற வேண்டும். ஆராவமுதன் வரைபடத்தை வந்த வழியே சுருட்டினார். “வெறும் வெள்ளிக்கிழமைதானே,” என்றார்.

நோரா ஒன்றும் பளபளப்பாகிவிடவில்லை. முன்பு போலவே களைத்துப் போனாள், களைத்து வந்தாள். தம்பியிடம் அந்தக் கடிதத்தைப் பற்றிக் கடைசிவரை கேட்கவும் இல்லை. சனிக்கிழமைக்கு மட்டும் சமைத்து வைத்துவிட்டுப் போவதை நிறுத்திவிட்டாள்.

அந்த டீயும் பன்னும் வேலை செய்தன. பன் தட்டை நீட்டுகிற இடத்தில் ஆல்ட்டோ குரலில் பாடும் பியூலா நின்றிருந்தாள். கணவர் இறந்து ஆறு வருடம் ஆனவள், பேருந்தில் ஏறினால் கண்டக்டரையே உட்காரச் சொல்லுகிற அதிகாரம். அடுத்த ஜனவரியில் ஓஸ்வால்டுக்கும் அவளுக்கும் கல்யாணம். இப்போது ஓஸ்வால்ட் வருவதற்கு முன்னால் பால்கனி விளக்கு எரிவதில்லை. அவள் அவனுக்குப் பிறகுதான் வேலையிலிருந்து வருகிறாள். அவன்தான் போடுகிறான்.

ஆராவமுதன் ஒயிட்ஃபீல்டில் மகளும் மாப்பிள்ளையும் வாங்கிய புது ஃபிளாட்டுக்குப் போய்விட்டார். அங்கே கீழ்த்தளத்தில் அறுபது வண்டிக்குச் சார்ஜ் பாயின்ட் இருக்கிறதாம். இன்னும் யாரும் அவரைச் செயலாளராக்கவில்லை.

தம்பி கல்யாணம் ஆனதும் நோரா முல்கிக்கே குடிபோய்விடுவாள் என்று கட்டடமே சொல்லிக்கொண்டிருந்தது. “பென்ஷனுக்கு இன்னும் ஒம்பது வருஷம் இருக்கு ஆன்ட்டி,” என்று சொல்லிவிட்டு, இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டு போனாள். படியேற வேண்டாம். போன நான்காவது சனிக்கு முந்தின வெள்ளி மாலை அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேகன் ஆரைக் காணோம். ஜன்னல் சாத்தியிருந்தது. வெளிச்சுவரில் அவளுக்கென்று தனியாக ஒரு மீட்டர். அதன் பெட்டிமேல் சாக்பீஸால் ‘நோரா’ என்று எழுதி, அடியில் ஸ்கேல் வைத்ததுபோல ஒரு கோடு இழுத்திருந்தது.