நாலாவது தோள்

பாடையின் நாலாவது முனைக்குக் கீழே ஸோஹ்ரா தோளைக் கொடுத்தாள்.

“விலகுங்கம்மா! பொம்பளைங்க தூக்கற வழக்கமில்ல” என்று பதறினான் அடக்கச் சங்கத்து ஆள். பக்கத்து நகரத்திலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர். நாலாமவனுக்கு வழியிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது.

“அப்போ யார் தூக்குவா? அதோ, அவங்களா?”

மயானத்து வேலிக்கு வெளியே மரத்தடியில் ஊரே நின்றது. அத்தனை ஆண்களும் ஆரோன் வம்சத்து யூத ஆசாரியர்கள். பெற்றோர், மனைவி மக்கள், உடன்பிறப்பு தவிர வேறு எந்தப் பிணத்தையும் நெருங்கக் கூடாதவர்கள். அந்த வம்சம் அல்லாத ஒரே ஆண், ஸோஹ்ராவின் அப்பா கமூஸ். நாற்பது வருடமாக ஊர்ப் பிணங்களைச் சுமந்தவர். காலையில் முட்டை வைத்துப் பொரித்த பிரிக் இரண்டு தின்று, மூன்றாவது பொரிந்து வருமுன் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை. ஓய்வுநாள் பிறக்க ஒரு மணி நேரமே இருந்தது; பிறந்துவிட்டால் புதைக்கக் கூடாது. வீட்டுத் தோள் ஒன்றுகூட இல்லாமலா அப்பா போவார்? பாடைக்கட்டை அழுத்தாமல் அவர் தோளில் வைத்துக்கொள்ளும் தோள்மெத்தையும் காலையிலிருந்து தேடிக் கிடைக்கவில்லை.

“கமூஸ்! என் தொப்பையைக் கண்ணாலேயே அளவெடுத்து, குழி அகலமா வேணும்னு திட்டுவியே. நீ முந்திக்கிட்டியேடா!” என்று வேலிக்கு அப்பாலிருந்து ஹூவாத்திக் கிழவர் கத்தினார். அழுதவர்கள் சிரித்துவிட்டார்கள்.

சடாரென்று ஒருவன் வேலியைத் தாண்டிக் குதித்தான். சாஸி. ஸோஹ்ராவின் கணவன்.

“டேய் சாஸி! மாமனாருக்கெல்லாம் உள்ள போகக் கூடாதுடா!”

“நான் போகலாம். ஆராய்ச்சிக்காரங்க கன்னத்துக்குள்ள பஞ்சு தேச்சு எடுத்துட்டுப் போனாங்களே, அப்பன் வழி பார்க்க? நாற்பது பேருக்கு ஒய் குரோமோசோம் ஒரே அச்சு. ஒருத்தனுக்கு மட்டும் வேற. அது நான்தான்.”



“காகிதம் சொன்னா ஆச்சா?” என்றார் ஹூவாத்தி.

“மாமாவே சொன்னார். நான் எங்கப்பா எடுத்து வளர்த்த பிள்ளையாம். மாமாவோட அம்மாதான் கைக்குழந்தையா கொண்டாந்து குடுத்தாங்களாம்.”

“அப்போ நாளைக்கு எங்களோட ஆசாரியர் ஆசீர்வாதம் சொல்ல மேடை ஏறமாட்டியா?”

“கீழே நின்னு வாங்கிக்கிறேன். சத்தமா சொல்லுங்க.”

மறுபடி சிரிப்பு. ஸோஹ்ரா மட்டும் சிரிக்கவில்லை.

“கடுதாசி எப்ப வந்தது?”

“பஸ்காவுக்கு முன்னாடி.”

“ஆறு மாசமா! எங்கிட்டகூட சொல்லல?”

“உங்கப்பா சத்தியம் வாங்கிட்டார். ‘நான் இருக்கிற வரைக்கும் இந்த ஊர்ல பாடை தூக்க நான் ஒருத்தன்தான். பங்குக்கு வராதே’ன்னார்.”

அவளுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. அது அப்பாவேதான்.

சாஸி சட்டைக்குள்ளிருந்து தோள்மெத்தையை எடுத்தான்.

“இதை மட்டும் போன வாரம் குடுத்தார்.”

அப்பாவின் அகலத் தோளுக்கு இருந்த மெத்தை, ஓரம் வெட்டிச் சின்னதாக்கப்பட்டிருந்தது. பச்சை நூலில், அப்பாவின் கோணல்மாணலான கைத்தையல். சாஸி அதைத் தோளில் வைத்தான்.

அச்சாகப் பொருந்தியது.